மைதானம் இல்லாத குடும்பக் கதைகள்

சென்ற மாதம் இரத்தோட்டைக்குப் போயிருந்தேன். மாத்தளை நகரிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் வரும் சிறு பட்டினம் அது. ஒரு கடைவீதி, சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும் பஸ் தரிப்பிடம், மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கும் கடைகள், அப்பால் தேயிலைச் சரிவுகள், அவற்றுக்கும் அப்பால் ரிவர்ஸ்டன் முகடு. விடுமுறைக்கு வருகிறவர்கள் இரத்தோட்டையில் தேநீர் அருந்திவிட்டு ரிவர்ஸ்டனுக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் படம் எடுக்கப் போகவில்லை. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாலை ஏழு மணி தாண்டியிருந்தது. வீட்டு முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் தயாரான தொடர் நாடகம். விசாலமான கூடம், நடுவே மாடிப்படி, பட்டும் நகையுமாக ஒரு மாமியார், கண்ணீருடன் ஒரு மருமகள், தூணுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்கும் இன்னொருத்தி. ஆசிரியரின் மனைவி, மருமகள், பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தி மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பர இடைவேளையில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: “இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடமாக அந்த நாடகத்தைத் தவறாமல் பார்த்து வருகிறவர்கள். பாத்திரங்களின் பெயர், உறவுமுறை, பழைய பகை எல்லாம் அறிந்தவர்கள். கடைசியில் பேத்திதான் பதில் சொன்னாள்:

“ஊரு பேரு ஒரு நாளும் சொன்னதில்ல சேர்.”

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவரும் காரியம் இதுதான். குடும்பத்தை ஊரிலிருந்து பிடுங்கியெடுத்து ஒரு கூடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறது. 1999இல் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’, 2003இல் ‘கோலங்கள்’ என்று சன் தொலைக்காட்சி ஆரம்பித்து வைத்த பெருந்தொடர்களில் முந்தியவற்றிலாவது சம்பளம், கடன், பெண்களைக் கட்டிக்கொடுக்கும் தந்தையின் கவலை என்று வெளியுலகத்தின் வாடை கொஞ்சம் இருந்தது. இன்று அதுவும் போய்விட்டது. அந்த வீடுகளில் பால் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள், பாடசாலைக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் தெரியாது. ஊரில்லாத குடும்பம்; தொழிலில்லாத பணம்; காரணமில்லாத பகை. இதற்குப் பெயர் குடும்ப நாடகமாம்!

குடும்பக் கதை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. குடும்பக் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை முன்வைக்கிறேன். அது நம்முடைய எடுத்துக்காட்டு அல்லவே என்ற வருத்தத்துடன்தான் வைக்கிறேன்.

2006 ஒக்டோபரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ என்ற தொடர் நாடகம் ஆரம்பமாயிற்று. வெள்ளிக்கிழமை இரவின் விளக்குகள் என்று பொருள். எச். ஜி. பிசிஞ்சர் என்னும் பத்திரிகையாளர், டெக்சஸ் மாநிலத்தின் எண்ணெய்க் கிணற்று நகரமான ஒடெசாவில் போய்க் குடியிருந்து, அங்குள்ள உயர்நிலைப் பாடசாலை அணி 1988ஆம் ஆண்டில் ஆடிய ஆட்டங்களையும் அந்த அணியைச் சுற்றிய ஊரையும் கவனித்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. 2004இல் அது திரைப்படமாயிற்று. பின்னர் டிலன் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழும் தொலைக்காட்சி நாடகமாக வளர்ந்தது. ஐந்து பருவங்கள், 76 அத்தியாயங்கள் ஓடி 2011இல் முடிந்தது. இதற்கெல்லாம் வேர், என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் ஒரு சிறு நகரத்துக்குப் போய் ஓராண்டு உட்கார்ந்ததுதான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கே ஃபுட்போல் என்று சொல்வது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. ரக்பிக்கு நெருங்கிய உறவுக்காரன். பாடசாலை அணிகள் வெள்ளிக்கிழமை இரவில் மின்விளக்கு வெளிச்சத்தில் மோதும். கடைகளைப் பூட்டிவிட்டு ஊரே மைதானத்துக்குப் போகும். ஆட்டவிதிகள் எனக்கு இன்றுவரை முழுமையாக விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் வரவில்லை. ஏனெனில் நாடகம் ஆட்டத்தைப் பற்றியதன்று. அந்த ஆட்டத்தின் பாரத்தைத் தோளில் சுமக்கும் வீடுகளைப் பற்றியது.

முதல் அத்தியாயத்திலேயே அணியின் நட்சத்திர வீரன் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து போகிறான். அவனுடைய இடத்துக்கு வரும் மாற்று வீரன் பாட்டியுடன் வாழ்பவன். தகப்பன் ஈராக்கில் படையாள். பாட்டிக்கு மறதி நோய். பயிற்சிக்கும் போக வேண்டும், வேலையும் பார்க்க வேண்டும், பாட்டி வீட்டைவிட்டு வெளியே போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயது பதினாறு. இதுதான் அந்த நாடகத்தின் கதாநாயகன்! நாலு பேரைப் பறக்கவிடும் நாயகனை அங்கே காணோம்.

இந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேன். டெக்சஸில் அல்ல, மலையகத்தில். தாய் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போய்விட, தகப்பன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்க, பாட்டியின் கையில் வளரும் பிள்ளை எந்தத் தோட்டத்தில் இல்லை? அந்தப் பிள்ளைக்கு எந்தத் தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்தில் இடம் இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தின் உயிர் ஒரு தாம்பத்தியம். பயிற்றுநர் எரிக் டெய்லராக கைல் சாண்ட்லரும், மனைவி டாமியாக கொனி பிரிட்டனும் நடித்தார்கள். இடமாற்றம், வேலை, மகளின் காதல், சமையலறையில் நடக்கும் சண்டை, சண்டைக்குப் பின் வரும் சிரிப்பு எல்லாம் அதில் உண்டு. மூன்றாவது பருவத்தில் மனைவி அதே பாடசாலையின் அதிபராகிறார். ஊர்ப் பிரமுகர்கள் மைதானத்தில் மாபெரும் ஒளித்திரைப் பலகை ஒன்றை நிறுத்தப் பணம் திரட்டுகிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறையில் தவிக்கும் அதிபரோ அந்தப் பணத்தைப் படிப்புக்குத் திருப்பப் பார்க்கிறார். தோற்றுப்போகிறார். பலகை வெல்கிறது. கணவன் விளையாட்டுப் பயிற்றுநர்; மனைவி அந்த விளையாட்டுக்காகப் பறிபோன பணத்தைக் கேட்டவர். இருவரும் ஒரே வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். இதுவும் குடும்பச் சண்டைதான். ஆனால் சண்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் கூடத்துக்கு வெளியே, ஊரில் இருக்கிறது.

‘பெண்கள்தாம் தொடர் பார்க்கிறார்கள், அவர்களுக்குப் பந்தும் மைதானமும் வேண்டாம்’ என்று நமது தொலைக்காட்சிக்காரர்கள் ஓயாமல் சொல்வார்கள். பெண்களைப் பற்றி இதைவிடக் கேவலமான அபிப்பிராயம் இருக்க முடியுமா? நான் மேலே சொன்ன சண்டையை இரத்தோட்டையில் அந்த மூன்று பெண்களும் பார்த்திருந்தால் விளம்பர இடைவேளையில்கூட எழுந்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டு மருமகள் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பாடசாலைக்குப் பணம் வந்தால் எதற்குச் செலவிடப்படுகிறது என்ற கேள்வி அவருக்குப் புதிதன்று.

நிற்க. ‘தமிழிலும் பாடசாலை நாடகம் வந்ததே’ என்று சிலர் நினைவூட்டக்கூடும். வந்தது. அதே 2006ஆம் ஆண்டில்தான் விஜய் தொலைக்காட்சியில் ‘கனா காணும் காலங்கள்’ ஆரம்பமாயிற்று. இளையவர்கள் அதை மிகவும் விரும்பிப் பார்த்தார்கள். 2022இல் அதே பெயரை இணையத் தளத்தில் மீண்டும் உயிர்ப்பிக்கும் அளவுக்கு அதன் நினைவு நின்றது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது வகுப்பறையின் நட்பையும் காதலையும் சொல்லிற்றே தவிர, பாடசாலைக்கு வெளியே அதைத் தாங்கி நிற்கும் ஊரைச் சொல்லவில்லை.

திரைப்படம் இந்த விஷயத்தில் சின்னத்திரையை வெட்கப்பட வைத்திருக்கிறது. 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’, 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’, 2024இல் ‘ப்ளூ ஸ்டார்’, ‘லப்பர் பந்து’, 2025இல் ‘பைசன்’ என்று ஆட்டக்களத்தின் வழியாக ஊரையும் சாதியையும் குடும்பத்தையும் பேசிய படங்கள் வரிசையாக வந்தன, மக்கள் பார்த்தார்கள். விளையாட்டைச் சொன்னால் தமிழன் பார்க்க மாட்டான் என்ற கதை அங்கேயே செத்துவிட்டது. சின்னத்திரைக்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை போலும்.

ஆயினும் இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. கடைசியில் வெற்றியோ வீழ்ச்சியோ ஒன்று நிகழ்ந்தாக வேண்டும். முத்தையா முரளிதரனைப் பற்றிய ‘800’ திரைப்படம் 2023இல் வந்தது. தோட்டத் தொழிலுக்காக வந்த பாட்டனின் பேரன், 2010இல் காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்த வரலாறு யாருக்கும் பெருமை தரும். ஆனால் முரளி ஒருவர்தான். முரளி ஆகாதவர்கள் எத்தனை ஆயிரம்? வலய மட்டத்தில் வென்று, மாகாண மட்டத்துக்குப் போக பஸ் காசில்லாமல் நின்றவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு பந்தை வைத்துவிட்டுக் கொழும்புக்கு வண்டி ஏறியவர்கள். அவர்களுடைய கதைக்கு முடிவு கிடையாது. வாரா வாரம் நடக்கும் கதை அது. அதைச் சொல்லத் தொடர் நாடகம்தான் தகுந்த வடிவம்.

இனி, இரத்தோட்டைக்கு வருவோம். டெக்சஸின் நாடகத்தை அப்படியே தேயிலைச் சரிவில் நடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடவும் முடியாது. காரணம் எளிது: மட்டமான நிலம் இல்லை.

மலையகத் தோட்ட இளைஞர்கள் ஏன் இவ்வளவு விருப்பத்தோடு கரப்பந்தாட்டம் ஆடுகிறார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டதால் மட்டுமல்ல. அதற்கு வேண்டிய இடம் சிறிது. களம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். 162 சதுர மீற்றர். தேயிலை மடுவத்துக்குப் பக்கத்திலோ கோயில் முன்றலிலோ கொஞ்சம் சமதரை கிடைத்தால் இரண்டு கம்பு நட்டு வலை கட்டிவிடலாம். அமெரிக்க மைதானம் ஒன்றுக்கு வேண்டிய நிலமோ சுமார் 212 பேர்ச். ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல்.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். லயங்களிலிருந்து தனி வீட்டுக்குப் போகும் தோட்டக் குடும்பத்துக்கு அண்மைக்காலத் திட்டங்களில் ஒதுக்கப்பட்ட காணி 7 பேர்ச். அதாவது 177 சதுர மீற்றர். ஒரு கரப்பந்தாட்டக் களத்தைவிடக் கையளவு கூட. இருநூறு ஆண்டு உழைத்த சமூகத்தின் ஒரு குடும்பத்துக்கு இந்த நாடு மனமிரங்கித் தரும் நிலம், ஆறு பேர் எதிரே ஆறு பேர் நின்று பந்தடிக்கும் இடம்! டிலன் நகரத்துப் பிள்ளைகள் ஓடி விளையாடும் மைதானம் ஒன்றில் முப்பது மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்திவிடலாம்.

ஆகவே மலையகத்தில் மைதானத்தின் கதை என்பது நிலத்தின் கதை. தோட்டத்துச் சமதரை யாருடையது? பிள்ளைகள் அதில் வலை கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நிர்வாகம் மாறினால் அந்த அனுமதி என்னவாகும்? பாடசாலைக்கு மைதானம் வேண்டுமென்றால் தேயிலையைப் பிடுங்க வேண்டும். தேயிலையைப் பிடுங்கினால் அந்தச் செடியில் கொழுந்து பறித்த தாயின் அன்றைய பேர் என்னவாகும்? நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்க 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு இது விளையாட்டான கேள்வியன்று. இதைவிடக் கூர்மையான நாடகப் பொருள் எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? இதை விட்டுவிட்டு யாரோ ஒருத்தி பாயசத்தில் விஷம் கலக்கும் காட்சியை எத்தனையாவது தடவையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்?

நமது இலங்கைத் தமிழ் அலைவரிசைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ரூபவாகினி 1982இல் வந்தது. சக்தி 1998இல் வந்தது. வசந்தம் 2009இல் வந்தது. வரும்போதெல்லாம் இனி நமது கதையை நாமே சொல்வோம் என்று எழுதிய பத்திரிகைக்காரர்களில் நானும் ஒருவன். என்ன நடந்தது? மாலை நேரத்தைச் சென்னைக்கு ஒப்படைத்தோம். அவ்வப்போது சிலர் கைக்காசைப் போட்டு நல்ல நாடகம் எடுத்தார்கள். ஆதரிக்க ஆளின்றி ஓய்ந்தார்கள். சிங்கள நாடகத்திலோ 1987இல் சுயாதீன தொலைக்காட்சியில் ஆரம்பித்த ‘கோப்பி கடே’ ஒரு கிராமத்துக் கடையையும் அங்கு கூடும் ஊரவரையும் வைத்தே பல ஆண்டுகள் ஓடியது. ஊர்க் கதை விலைபோகும் என்று பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொண்டே இருந்தான். நாம் கூரைமேல் ஏறிச் சென்னை அலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எழுத ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மாத்தளை என்ற ஊர்ப் பெயரையே முன்னால் சூடிக்கொண்ட எழுத்தாளர்களை இந்த மண் தந்திருக்கிறது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகியோரின் கதைகளில் இந்த மலைகளும் லயங்களும் இருக்கின்றன. 1975இலேயே வி. பி. கணேசன் தோட்டத் தொழிலாளர் வாழ்வை வைத்துப் ‘புதிய காற்று’ என்று திரைப்படம் தயாரித்தார். அதற்கு எழுதியவர் தெளிவத்தை ஜோசப். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் துணிந்ததை இன்று துணியவில்லை என்றால் குறை ஆற்றலில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். டெக்சஸ் நாடகத்துக்கும் பார்வையாளர் குறைவு என்ற பிரச்சினை இருந்தது. இரண்டு பருவங்களோடு நின்றிருக்க வேண்டியது. மூன்றாவது பருவத்திலிருந்து டிரெக்டிவி என்ற செய்மதி நிறுவனம் செலவைப் பகிர்ந்துகொள்ள, முதலில் அங்கும் பின்னர் என்.பி.சி.யிலும் ஒளிபரப்பி அதைக் காப்பாற்றினார்கள். 2011இல் அதற்கு எம்மி விருதுகள் வந்தன. படப்பிடிப்பும் ஆடம்பரமானதன்று. பெரும்பாலும் உண்மையான இடங்கள். கையில் ஏந்திய கமராக்கள். நமக்கும் கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் டொரண்டோவிலும் மாதச் சந்தா கட்டித் தமிழ் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. செலவைப் பகிர்ந்துகொள்ள வழியில்லையா, மனமில்லையா?

இன்னொரு குரலும் கேட்கும். ‘மலையகம் என்றால் சோகம், சோகத்தை யார் பார்ப்பார்கள்?’ இது மற்றவற்றைவிட மோசமான வாதம். துயரம் நேர்ந்தால் மட்டுமே கமரா மலையேறுகிறது என்பதால் வந்த வினை இது. 2023இல் மலையகம் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், முன்னோர் நடந்த வழியே வந்து ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் முடிந்தது. கமராக்கள் வந்தன, மறுநாள் போய்விட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது, மாத்தளை மாவட்டமும் அடிபட்டபோது, மீண்டும் வந்தன, மீண்டும் போயின. இடைப்பட்ட நாட்களில் இந்த மக்கள் சிரிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், பந்தடிக்கிறார்கள், நடுவரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இறக்கும்போது மட்டும் கண்ணில்படும் சமூகம் எப்படி மற்றவர்களுக்கு அயலவராகும்?

இவ்வளவும் பிறரைக் கேட்டேன். இனி என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். இரத்தோட்டைக்கு நான் போன காரணமும் அதுவே.

1980களின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பீடத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாத்தளைப் பக்கத்து நிருபர் ஒருவரிடமிருந்து தபாலில் ஒரு செய்தி வந்தது. தோட்டப் பாடசாலை ஒன்றின் கரப்பந்தாட்ட அணி நகரத்துப் பாடசாலைகளை வென்று மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறது, ஆறு பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இதுதான் செய்தி. ஒரு சிறு படமும் இருந்தது. அந்த வாரம் கொழும்பின் பெரிய பாடசாலைகளின் கிரிக்கெட் போட்டி. பக்கம் நிறைந்துவிட்டது. ‘இடமில்லை’ என்று எழுதி அந்தத் தாளைக் கூடையில் போட்டவன் நான்தான். நிருபர் இரண்டு முறை கடிதம் எழுதி விசாரித்தார். பதில் எழுதவில்லை.

அந்த அணியின் பயிற்றுநரைத்தான் இத்தனை ஆண்டு கழித்துத் தேடிப் போனேன். செய்தி வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“பேப்பர்ல வந்தா அதக் கொண்டுபோய் தொரைகிட்ட காட்டி, மடுவத்துக்குப் பக்கத்துல உள்ள தரைய புள்ளைங்களுக்கு கிரவுண்டா எழுதிக் கேக்கலாம்னு நெனச்சேன் சேர். கிழமைக் கணக்கா பேப்பரப் பாத்துக்கிட்டே இருந்தோம்.”

“பேப்பர் இல்லாமலே கேட்டிருக்கலாமே?”

“வெறுங்கையோட போயி எப்படி சேர் கேக்குறது?”

அந்தத் தரையில் இப்போது மரம் நட்டிருக்கிறார்கள். விறகுக்கும் பலகைக்கும் ஆகிற மரம். நன்றாக வளர்ந்திருக்கிறது.

நான் அந்தச் செய்தியைப் போட்டிருந்தால் மைதானம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் கிடைத்திராது. ஆனால் ஒரு மனிதர் கேட்கப் போவதற்கு அவர் கையில் ஒரு துண்டுத் தாள் வேண்டியிருந்தது. தன்னுடைய ஊரின் பெயர் அச்சில் இருக்கிறது, எனவே தன் ஊர் உலகத்தில் இருக்கிறது என்று காட்டும் தாள். நான் அதைக் கொடுக்கவில்லை. ஒடெசாவில் போய்க் குடியிருந்த அந்தப் பத்திரிகையாளரை நினைத்துக்கொண்டேன். அவர் எழுதியது அந்த ஊருக்குப் பிடிக்கவுமில்லை. இன வெறுப்பையும், விளையாட்டுக்காகப் படிப்பைப் பலிகொடுத்ததையும் அவர் எழுதினார், ஊரார் கொதித்தார்கள். கொதிக்கட்டும். எழுதப்பட்ட ஊருக்குத்தான் கோபப்படும் வாய்ப்பாவது உண்டு.

நம்முடைய நாடகக்காரர்கள் செய்வதும் அன்று நான் செய்ததும் ஒன்றுதான். ‘இடமில்லை’ என்று எழுதிக் கூடையில் போடுகிறோம். வித்தியாசம், நான் ஒரு தாளைப் போட்டேன். அவர்கள் ஒவ்வொரு மாலையும் ஒரு சமூகத்தைப் போடுகிறார்கள்.

அலைவரிசைகளை நடத்துவோருக்கு என் கோரிக்கை பெரிதன்று. கிழமைக்கு ஒரு மணி நேரம். ஒரு சிறுநகரம், அதற்கு ஒரு பெயர். ஒரு பாடசாலை, அதில் ஓர் அதிபர், ஒரு விளையாட்டு ஆசிரியர், அவருடைய மனைவி. ஆறு பிள்ளைகள், அவர்களின் வீடுகளில் காலைப் பெரட்டுக்குப் புறப்படும் தாய்மார். சிங்களத்தில் நலம் விசாரிக்கும் பஸ் நடத்துநர், கடன் கொடுக்கும் முஸ்லிம் கடைக்காரர். வாரா வாரம் ஒரு பயிற்சி, ஒரு போட்டி, ஒரு சண்டை, ஒரு சமாதானம். பெயர் வைப்பது மட்டும் தவறக்கூடாது. ‘ஒரு மலைக்கிராமம்’ என்று பூசி மெழுக வேண்டாம். இரத்தோட்டை என்றே சொல்லுங்கள்.

நான் விடைபெற்றபோது இருட்டிவிட்டது. பேத்தி பாடசாலைக் கரப்பந்தாட்ட அணியில் ஆடுகிறாளாம். பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. எங்கே பயிற்சி என்று கேட்டேன். கோயில் முன்றலில் என்றாள். திருவிழாக் காலத்தில்? அப்போது பயிற்சி இல்லையாம். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை; அதன்பின் ஆடுவாளா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தாய் ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம்.

உள்ளே தொலைக்காட்சியில் விளம்பரம் முடிந்து நாடகம் மீண்டும் ஆரம்பித்திருந்தது. அதே கூடம், அதே மாடிப்படி. அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று அந்த முன்னறையிலேயே தீர்ப்புக்குக் காத்திருந்தது. படம் பிடிக்கத்தான் ஆளில்லை.